சுகுமாறன் சாரின் படகுக்கு ஒரு டேப்

ஒரு மனுஷன் நாசமாய்ப் போக வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாக வேண்டிக்கொண்டிருந்தேன். கடவுளுக்கு என்ன வேலையோ, அந்த ஆளை நாசமாக்காமல் நான் வேலை செய்யும் பெயின்ட் கடைக்கே அனுப்பி வைத்தார். திங்கட்கிழமை காலை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, "ஏம்மா, படகுக்கு எந்த டேப் நல்லா இருக்கும்?" என்று என்னைத்தான் கேட்டார்.

சுகுமாறன் சார். இப்போதும் 'சார்' என்றுதான் வாயில் வருகிறது. அது பழக்கம், மரியாதை இல்லை. தலை முழுக்க நரைத்து, வயிறு முன்னால் வந்திருந்தது. ஆனால் குரல் அதே குரல். கேள்வி கேட்கும்போதே பதில் தனக்குத் தெரியும் என்கிற குரல். கேட்டதும் என் கையில் இருந்த பிரஷ் கட்டு கீழே விழுந்தது. நல்லவேளை, குனிந்து எடுக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மறைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவருக்கு என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஷா ஆலமில் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிற்சாலையில் அவர் சூப்பர்வைசர், நான் டேப் ஒட்டுகிறவள். தலைக்கு உறை, வாய்க்குத் துணி, கண் மட்டும்தான் வெளியே தெரியும். எங்களுக்குப் பெயர் கிடையாது. சட்டையில் தைத்த நம்பர்தான் பெயர். நான் ஏழு. பக்கத்தில் நின்ற ரமணி எட்டு. ஒன்பது வருஷம் அந்த ஆளிடம் வேலை பார்த்தேன், குமுதா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்ததைக் கேட்டு என்னைத்தான் திட்டுவீர்கள். பம்பருக்கு இரண்டு நிறம் அடிப்பார்கள். முதல் நிறம் காய்ந்ததும் அதன்மேல் நாங்கள் டேப் ஒட்டி மறைப்போம். இரண்டாவது நிறம் அடித்து, பெரிய அடுப்புக்குள் போய் வரும். வெளியே வந்ததும் ஒட்டினவளே உரிக்க வேண்டும். கை மாறக் கூடாது என்பது எங்கள் லைன் சட்டம். அடுப்புச் சூட்டைத் தாங்குகிற டேப்பாக இருந்தால் அழகாக உரிந்து வரும். ஒரு நாள் ஸ்டோரிலிருந்து வந்த டேப்பைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பழைய டேப் இல்லை. நிறம் மட்டும் அதே பச்சை, மற்றபடி ஆபீஸ் காகிதம் ஒட்டுகிற சாதாரண டேப். சார், இது சூட்டில் இளகிப் பசை பிடித்துக்கொள்ளும் என்று போய்ச் சொன்னேன். கம்பெனி கொடுத்தது அதுதான், ஒட்டுகிற வேலையை மட்டும் பார் என்றார்.

ஒட்டினேன். அந்த டேப் அன்றைக்கு வந்தது என் மேஜைக்கு மட்டும். நூற்று நாற்பது பம்பர், எல்லாவற்றிலும் பசை வெந்துபோய் ஈஷிக்கொண்டது. மேலிடத்திலிருந்து ஆள் வந்தார்கள். அன்றைக்குச் சுகுமாறன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதுவரை கேட்டறியாத ஒரு மெதுவான குரலில் சொன்னார்: நீ ஒட்டினதில் தப்பு என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள், ஒரு வார்னிங் லெட்டரோடு முடித்துவிடுகிறேன், லைனையே மூட விடமாட்டேன். நம்பினேன். மடச்சி. மறுநாள் காலைக் கூட்டத்தில் பசை பிடித்த பம்பரை என் இரண்டு கையிலும் கொடுத்து முன்னால் நிறுத்தினார். நாற்பது பேர். என் தப்புதான், நேரத்துக்கு உரிக்கவில்லை என்று நான் சொன்னேன். மத்தியானத்துக்குள் என் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். லெட்டர் வந்தது, வார்னிங் லெட்டர் இல்லை.

வேலை போனது கூடப் பரவாயில்லை. வேறு வேலை கிடைக்காமலா போகும்? கிள்ளானில் மேரு ரோட்டில் இந்தக் கடை கிடைத்தது, பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். கடையை வைத்திருக்கும் சீனத் தவுக்கே நல்லவர், சாவியையே என்னிடம் கொடுத்துவிடுவார். ஆனால் அந்த நாற்பது பேர் இருக்கிறார்களே, அவர்களைப் பாசாரில் பார்ப்பேன், கோயிலில் பார்ப்பேன், கல்யாணத்தில் பார்ப்பேன். "நல்லா இருக்கியா குமுதா?" என்பார்கள். அவர்கள் கண்ணில் அந்த பம்பர் இருக்கும். என்னோடு இன்றுவரை பேசிப் பழகுகிற ரமணிகூட அந்தப் பேச்சு வந்தால், "போனது போச்சு விடு லா" என்பாள். உன் தப்பு இல்லை என்று அவள் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அந்த நாற்பது பேர் முன்னால் அது குமுதாவின் தப்பு இல்லை என்று வெளியே வர வேண்டும். வராவிட்டால், அதே நாற்பது பேர் முன்னால் அந்த ஆளின் மூக்காவது உடைய வேண்டும்.

இப்போது அவர் என் கவுன்ட்டரில் கைமுட்டியை ஊன்றிக்கொண்டு படகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கேட்காமலே பேசுவார், அந்தக் குணமும் மாறவில்லை. ஓய்வு பெற்று தெலுக் பங்லிமா காராங்கில் வீடு வாங்கியிருக்கிறாராம். கார் நிறுத்தும் இடத்தில் தானே ஒரு மரப்படகு செய்திருக்கிறாராம். பதினாறு அடி. மூன்று வருஷ வேலை. கைபேசியில் படம் காட்டினார். வயிறு எரிந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், படகு அழகாக இருந்தது. கீழ்ப்பாதி கருநீலம், மேலே வெள்ளை. இரண்டும் சேருகிற இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு ஒன்று சுற்றிவர வேண்டும். அந்தக் கோட்டுக்குத்தான் டேப்.

"ஞாயித்துக்கிழமை ஆத்துல இறக்குறோம். நம்ம பழைய பெயின்ட் லைன் ஆளுங்க அத்தனை பேரையும் கூப்பிட்டிருக்கேன். அவனுங்க குறை கண்டுபிடிக்கிற ஆளுங்க, கோடு கத்தி மாதிரி இருக்கணும்," என்றார்.

பழைய பெயின்ட் லைன் ஆளுங்க. என் காது இரண்டும் சூடாகிவிட்டது.

மூன்று ரோல் எடுத்து வைத்தேன். ஒன்று நீலம், சுவருக்கு ஒட்டுவது. ஒன்று மஞ்சள், வெங்காயச் சருகு போல மெல்லிசு. புதிதாக அடித்த பெயின்ட் மேல் ஒட்ட அதுதான் சரி. பிடிக்கும், ஆனால் கடிக்காது. ஓரத்தை நகத்தால் தேய்த்துவிட்டு அடித்து, பெயின்ட் பாதி காய்ந்ததும் உரித்தால் கோடு உண்மையிலேயே கத்தி மாதிரி நிற்கும். மூன்றாவது கிரீம் கலர், சுருக்கம் சுருக்கமாக இருக்கும். பெட்டி கட்டுவதற்கும் பேர் எழுதி ஒட்டுவதற்கும் ஆகும். அதை அடித்து ஒரு வாரம்கூட ஆகாத பெயின்ட்டில் ஒட்டி வெயிலில் விட்டால், பெயின்ட்டைத் தோலோடு பிய்த்துக்கொண்டு வரும், வராத இடத்தில் பசையை விட்டுவிட்டு வரும். சுருக்கத்துக்குள்ளே சிவப்புப் பெயின்ட் புகுந்து வெள்ளையில் கோடு கோடாக இறங்கும்.

அவர் மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு மஞ்சளை எடுத்தார். சரியாகத்தான் எடுத்தார். முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்ததில் அவ்வளவாவது ஒட்டியிருக்குமே.

நான் அதை அவர் கையிலிருந்து வாங்கினேன். அந்த நிமிஷத்தை நான் மழுப்பப் போவதில்லை. யாரும் என்னைத் தூண்டவில்லை, கை தவறவும் இல்லை. சார், இது மெல்லிசு, வளைவில் கிழியும், படகுக்கு ஆகாது என்று சொன்னேன். கிரீம் ரோலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். படகு செய்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றேன். புதன்கிழமை அடித்துவிட்டுச் சனிக்கிழமை வரைக்கும் உரிக்காதீர்கள், வெயில் நன்றாகப் படட்டும், அப்போதுதான் கோடு இறுகும் என்றும் சொன்னேன். மூன்று பொய், ஒன்றன்பின் ஒன்றாக, நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. அவர் ஆறு ரோல் வாங்கினார். போகும்போது, வேலை தெரிந்த ஆள் கடையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டிவிட்டும் போனார்.

அந்த வாரம் எனக்குச் சோறு ருசித்தது. செவ்வாய்க்கிழமை மழை தூறியபோது மட்டும் கொஞ்சம் பயம், புதன்கிழமை வெயில் கொளுத்தியதும் மனசு குளிர்ந்துவிட்டது. ரமணிக்குப் போன் செய்து, ஞாயிறு சுகுமாறன் சார் வீட்டு விசேஷத்துக்குப் போகிறாயா, நானும் வருகிறேன் என்றேன். அங்கே வந்து ஏதும் வம்பு பண்ணமாட்டாயே என்று கேட்டாள். சாப்பிடத்தான் வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை பத்தரை மணிக்குக் கடைப் போன் அடித்தது. ஒரு பெண் குரல், மெதுவாக, யாருக்கோ கேட்கக்கூடாது என்பதுபோல. டேப் பசையை எப்படி எடுப்பது என்று கேட்டது. எதில் ஒட்டியிருக்கிறது என்றேன். படகில் என்றது.

எனக்குச் சந்தோஷத்தில் நாற்காலியில் உட்காரத் தோன்றியது. அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. ஒரு டேப் ஒட்டத் தெரியுதா உனக்கு, முப்பத்தஞ்சு வருஷம் என்னோட இருந்து என்னத்தைக் கத்துக்கிட்ட என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வாயை ரிசீவரோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "நான் ஒட்டினதுதாங்க தப்பாம். தின்னர் போட்டுத் தேய்ச்சேன், வெள்ளையும் சேர்ந்து வருது. நாளைக்கு ஆளுங்க வர்றாங்க," என்றது.

அவர் மனைவி. மூன்று வருஷம் படகு செய்தாராம் இவர், ஆனால் ஒட்டுகிற வேலை என்று வந்ததும் அதைச் செய்ய வீட்டில் ஒரு நம்பரை வைத்திருக்கிறார். இதை நான் யோசித்திருக்க வேண்டும். ஒன்பது வருஷத்தில் அந்த ஆள் ஒரு அங்குல டேப்பைக்கூடத் தன் கையால் ஒட்டி நான் பார்த்ததில்லை. எல்லாரையும்விட அவரைத் தெரிந்த நான் இதில் போய்க் கோட்டை விட்டேன். தின்னர் வேண்டாம், மண்ணெண்ணெயில் துணியை நனைத்து லேசாகத் துடையுங்கள், பசை போகும் என்றேன். பிய்ந்த பெயின்ட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டாள். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, புதிதாகத்தான் அடிக்க வேண்டும், காய நாள் ஆகும் என்றேன். சரிங்க, ரொம்ப நன்றிங்க என்று வைத்துவிட்டாள். நன்றியாம்.

அப்போதே சொல்லியிருக்கலாம், டேப் தப்பு, நீங்கள் இல்லை என்று. சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கைநழுவிப் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். கட்டினவர் பாடு கட்டினவள் பாடு, எனக்கென்ன வந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை என் பழைய கன்சில் காரில் ரமணியை ஏற்றிக்கொண்டு போனேன். ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு, நாற்காலி போட்டு, ஆட்டுக்கறியும் மீஹூனும் அடுக்கியிருந்தார்கள். எல்லாரும் இருந்தார்கள், அந்த நாற்பதில் முப்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொருவராக என்னைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கி, அப்புறம் சிரித்தார்கள். சுகுமாறன் சார் கூட்டத்தில் என்னைக் கவனிக்கவில்லை.

படகு ஒரு லோரியின் பின்தட்டில் இருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. கோடு இருக்கும் இடம் முழுக்கச் சாமந்திப்பூ மாலையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். முன்னால் மாலை, பின்னால் மாலை, இரண்டு பக்கமும் மாலை. கோயில் ரதத்துக்குக்கூட அவ்வளவு பூ போட்டுப் பார்த்ததில்லை. மனுஷன் தப்பித்துவிடுவாரோ என்று மாலை முடிச்சுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் புது வண்டி வாங்கினால் என்ன செய்வோம்? சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்காமல் எடுப்போமா? பூசாரி வந்து படகின் மூக்கில் பொட்டு வைக்க மாலையை ஒதுக்கினார். சார், "சாமி, மேலேயே வைங்க," என்று ஓடுவதற்குள் முன்பக்கத்து முடிச்சு அவிழ்ந்து மாலை மொத்தமும் சரிந்து கீழே விழுந்தது.

கோடு என்று அதைச் சொல்ல முடியாது. சிவப்பு வெள்ளைக்குள் இறங்கியிருந்தது. வெள்ளை திட்டுத் திட்டாகப் பெயர்ந்து பலகை தெரிந்தது. தேய்த்த இடமெல்லாம் மங்கலாக, அழுக்குப் பிடித்த மாதிரி இருந்தது. முப்பது வருஷம் பெயின்ட் லைனில் நின்ற கண்கள் அத்தனையும் அதைப் பார்த்தன. பின்னால் ஒருத்தர், இது நம்ம லைனில் வந்திருந்தால் சார் விட்டிருப்பாரா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

இதற்காகத்தான் வந்தேன். அந்த முகம் சிவப்பதை நான் பார்த்தேன். அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் சுகுமாறன் சாரும் சிரித்தார். கூடாரத்துக்குள் கை நீட்டி, "உஷா, இங்க வா," என்று கூப்பிட்டார்.

அவர் மனைவி உஷாராணி வந்தாள். அறுபது வயதிருக்கும், சின்ன உருவம், பட்டுப்புடவை. விரல் நுனியெல்லாம் தின்னரில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவளைத் தோளைப் பிடித்துப் படகுக்கு முன்னால் நிறுத்தினார்.

"இந்தா, ஒட்டினவங்க இவங்கதான். பொம்பளைங்க கையில டேப்பைக் கொடுத்தா வேற எப்படி இருக்கும்? நம்ம லைன்லயும் ஒருத்தி இருந்தாளே, ஞாபகம் இருக்கா, ஏழாம் நம்பர்? நூத்தி நாப்பது பம்பர்," என்றார்.

சிரித்தார்கள். சிலர் சிரிப்பை நடுவில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். உஷாராணி யாரையும் பார்க்கவில்லை. விரல்களைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, "என் தப்புதான்," என்று சொன்னாள். கேட்டவுடன் எனக்கு உடம்பு முழுக்கப் பற்றிக்கொண்டு எரிந்தது. அந்த ஆள்மேல் மட்டுமில்லை. என்மேலும்தான். அவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினது யார்?

தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு முன்னால் போனேன். ரமணி என் கையைப் பிடித்தாள், உதறினேன்.

"அவங்க தப்பு இல்லை. டேப் கொடுத்தது நான். தெரிஞ்சேதான் தப்பான டேப்பைக் கொடுத்தேன், மூணு நாள் வெயில்ல விடுங்கன்னு சொன்னதும் நான்தான். என் பேரு குமுதா. ஏழாம் நம்பர்," என்றேன்.

சுகுமாறன் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைக்காரி என்று முதலில் தெரிந்தது, பிறகு மற்றது தெரிந்தது. நான் எதிர்பார்த்தது பயம். வந்தது சந்தோஷம். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா. நான் அன்னைக்கே சொன்னேன், யாரு நம்புனீங்க? இவ புத்தியே அப்படி. அவ வாயாலயே சொல்லிட்டா," என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

நான் அதை யோசிக்கவே இல்லை. உஷாராணி பெயரைக் காப்பாற்ற வந்து என் பெயருக்கு நானே கொள்ளி வைத்துக்கொண்டேன். தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து முணுமுணுத்தன. ரமணி எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். எல்லார் பேச்சையும் தாங்கியிருப்பேன், அவள் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"அப்ப அன்னைக்கும் நீ வேணும்னேதான் பண்ணியா குமுதா?"

இல்லை என்றேன். அன்றைக்கு ஸ்டோரிலிருந்து வந்த டேப்பே வேறு, நான் போய்ச் சொன்னேன், சார்தான் ஒட்டச் சொன்னார், ஒத்துக்கொண்டால் வார்னிங்கோடு விடுகிறேன் என்றும் அவர்தான் சொன்னார் என்றேன். இருபத்திரண்டு வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பேச்சு, வாயில் வரும்போது திருடி மாட்டிக்கொண்டவள் பேச்சு மாதிரியே இருந்தது. ஒருத்தர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. சார் இரண்டு கையையும் விரித்தார். கம்பெனி எப்போதும் ஒரே டேப்தான் வாங்கியது, அது எப்படி ஒரே நாளில் மாறும், மாறியிருந்தால் பழைய டேப் எங்கே போயிருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருபத்திரண்டு வருஷமாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

படகு பக்கத்திலிருந்து உஷாராணி பேசினாள்.

"ஏம்மா, அந்தப் பழைய டேப் எப்படி இருக்கும்?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பச்சையாக இருக்கும், சாதாரண டேப்பைவிட மெல்லிசாக, வழவழவென்று இருக்கும், அடுப்புக்கென்றே வருவது, கடையில் லேசில் கிடைக்காது என்று சொன்னேன்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். பிறகு தன் கணவரைப் பார்த்தாள். அவர் சாப்பாட்டுப் பக்கம் கை காட்டி, எல்லாரும் வாங்க, கறி ஆறிப்போகுது என்றார். யாரும் நகரவில்லை.

"எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ பச்சை டேப் அஞ்சு பெட்டி இருந்துச்சு," என்றாள் உஷாராணி. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "மேருவுல இவரு தம்பி கார் ஸ்ப்ரே கடை தொறந்தாரு, அங்க கொடுத்தது போக மிச்சம். கம்பெனியில வேண்டாம்னு போட்டதுன்னு சொன்னாரு. எம் புள்ளைங்க ரெண்டு பேரும் படிச்சு முடிக்கிற வரைக்கும் புஸ்தகத்துக்கு அட்டை போட்டதெல்லாம் அதுலதான்."

"உஷா," என்றார் அவர், பல்லுக்கு நடுவில்.

"நல்ல டேப்புங்க," என்று அவள் என்னிடம் சொன்னாள். "உரிச்சா தடமே தெரியாது."

முப்பது பேரும் பெயின்ட் லைன் ஆட்கள். நல்ல டேப் எங்கே போனது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பூசாரி மட்டும் ஒன்றும் புரியாமல் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். முன்பு கேலி பேசியவர் தன் தட்டைக் கீழே வைத்தார். ஸ்டோரில் வேலை பார்த்த ஒருத்தர், அந்த ஆளின் பெயர்கூட எனக்கு நினைவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

சொல்ல எனக்கு வெட்கமில்லை, அந்த நிமிஷம் எனக்கு அப்படி இனித்தது. நாளைக்கு அந்த ஆள் கடைக்கு வந்து தவுக்கேயிடம் என்னைப் பற்றிச் சொல்லலாம், சொல்வார், வேலை போனாலும் போகும். போகட்டும்.

ரமணிதான் முதலில் வாயைத் திறந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் தாண்டிப் போய் அவருக்கு நேராக நின்றாள்.

"சார், உங்க தம்பி கடை தொறந்தது எந்த வருஷம்?"

அவர் ஆற்றைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். உஷாராணி விரல்களைத் தலைப்பிலிருந்து வெளியே எடுத்து, கழுத்து நகையைச் சரி செய்துகொண்டாள். நான் ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.